கடல் லூர் என்று விற்கும் போலிகள்: காசு கட்டுமுன் முள்ளையும் வளையத்தையும் பாருங்கள்

முகத்துவாரத்திலும் கரையோரத்திலும் லூர் (தூண்டில் முள் மாட்டிய செயற்கை இரை) போட்டு மீன் பிடிப்பவர்கள், அதிலும் புதிதாகத் தொடங்கியவர்கள், வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் "ஒரிஜினல், சால்ட்வாட்டர் ஸ்பெஷல்" என்று வரும் காம்போ செட்களை வாங்குமுன் இதைப் படித்துவிடுங்கள். அப்படி ஒரு செட்டுக்கு நான் 2,400 ரூபாய் கட்டினேன். மூன்று மின்னோ (சிறு மீன் வடிவம்), ஒரு பாப்பர் (நீர்மேல் தெறித்து வரும் வகை), ஒரு பென்சில் (நீண்டு ஒல்லியான வகை). பெட்டி மேல் பெரிய வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் பெயர். கொடுவாவுக்கும் பாரைக்கும் தாங்குமா என்று பணம் அனுப்புமுன்பே எழுதிக் கேட்டேன். "பத்துக் கிலோ கொடுவாவே தூக்கலாம் அண்ணே" என்று பதில் வந்தது.

தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயல் பக்கம் அதைக் கொண்டுபோனேன். நீர் வடியும்போது மடவைக் குஞ்சுகள் சிறு வாய்க்கால்களிலிருந்து வெளியே வரும். கொடுவா அதற்காகவே அலையாத்தி ஓரத்தில் காத்துக் கிடக்கும். ஒரு நல்ல மீன் மின்னோவை அடித்தது. மேலே எழும்பித் தலையை ஒரு உதறு உதறியது, அவ்வளவுதான், தூண்டில் நரம்பு தளர்ந்துவிட்டது. முடிச்சும் லீடரும் (லூருக்கு முன்னால் கட்டும் தடித்த நரம்பு) அப்படியே இருந்தன, டிராக்கையும் (மீன் இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் ரீல் பிரேக்) நான் இறுக்கி வைக்கவில்லை. லூர் திரும்பி வந்தது, அதன் வயிற்றில் ட்ரெபிள் முள்ளை (மூன்று கொக்கி முள்) காணோம். முள்ளைப் பிடித்திருந்த ஸ்பிலிட் ரிங், சாவிக்கொத்து வளையம் போன்றது, வாய் பிளந்து தொங்கியது. முள் தைத்த வாயோடு அந்த மீன் போய்விட்டது. இனி அதனால் ஒழுங்காக இரை எடுக்க முடியுமா என்பதே சந்தேகம். போன காசைவிட எனக்கு ஆத்திரம் இதில்தான்.

வீட்டுக்கு வந்து மற்றவற்றையும் பார்த்தேன். ஒரு மின்னோவை ரம்பத்தால் நீளவாக்கில் அறுத்தேன். பெரிய மீனுக்குச் செய்யும் நல்ல கடல் லூரில் மூக்கிலிருந்து வால் வரை ஒரே கம்பி ஓடும். பிளாஸ்டிக் உடைந்தால்கூட முள்ளும் மீனும் அந்தக் கம்பியில் நிற்கும். இதில் முள் மாட்டும் காது ஒவ்வொன்றும் பிளாஸ்டிக்கில் பசை வைத்துச் செருகிய குட்டித் திருகு, விரலால் ஆட்டினாலே ஆடியது. பெட்டியில் 20 கிராம் என்று போட்டிருந்த லூர், நகைக்கடைத் தராசில் 15 கிராம்தான் வந்தது. ஐந்து கிராம்தானே என்று விட முடியாது. கரையில் எதிர்காற்றில் வீசும்போது தூரம் அங்கேதான் குறைகிறது. மூக்குக்குக் கீழே இருக்கும் தகடு ஒரு பக்கம் சாய்ந்து ஒட்டியிருந்ததால், இன்னொரு மின்னோ நேராக நீந்தாமல் பக்கவாட்டில் படுத்துக்கொண்டு வந்தது. எந்த ஆழத்தில், எப்படி ஆடி வர வேண்டும் என்பதை அந்தத் தகடுதான் தீர்மானிக்கிறது. ராபாலா போன்ற கம்பெனிகள் ஒவ்வொரு லூரையும் தொட்டியில் நீந்தவிட்டுச் சரிபார்த்து அனுப்புவதாகச் சொல்வது இதனால்தான்.

முள்ளை உப்புக் கரைத்த தண்ணீரில் ஒரு ராத்திரி போட்டு வைத்தேன். காலையில் முனை பழுப்பேறி, தண்ணீரே மஞ்சளாகியிருந்தது. நல்ல முள்ளும் கடலில் துருப்பிடிக்கும்தான், ஆனால் ஒரே இரவில் இப்படி ஆகாது. கடலுக்கென்று செய்பவை தடித்த கம்பியில், வெள்ளீயம் போன்ற பூச்சோடு வரும். எனக்கு வந்தவை ஏரி மீனுக்குப் போடுகிற மெல்லிய முட்கள்.

விற்றவருக்குப் படங்களை அனுப்பினேன். "உப்புத்தண்ணியில எல்லா முள்ளும் துருப்பிடிக்கத்தான் செய்யும் அண்ணே, நீங்க நல்லா கழுவலை" என்றார். வளையம் பிளந்ததற்கு என் முடிச்சைக் குறை சொன்னார். முடிச்சு அறுந்திருந்தால் லூர் எப்படி என் கைக்குத் திரும்பி வரும் என்று கேட்டேன். அதோடு என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்த பிறகு வேறொரு எண்ணிலிருந்து கூப்பிட்டு, பாதிப் பணத்துக்கு "அடுத்த ஆர்டரில் கழித்துக்கொள்கிறேன்" என்றார். அவரிடம் அடுத்த ஆர்டரே போடப்போவதில்லை என்று சொல்லிவிட்டேன். புகார் இன்னும் நிற்கிறது. உதவி எண்ணில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் அங்கே மனுவுக்குக் கட்டணம் இல்லை.

இனி வாங்குகிறவர்களுக்கு. முதலில் பெட்டியின் பின்பக்கப் படத்தைக் கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் பொட்டலப் பொருளில் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, எந்த நாட்டில் செய்தது, அதிகபட்ச விலை எல்லாம் அச்சிட்டோ ஒட்டியோ இருக்க வேண்டும் என்பது சட்டம். என் பெட்டியில் அந்த ஸ்டிக்கரே இல்லை. அப்புறம் வயிற்று முள்ளையும் வளையத்தையும் கிட்டத்தில் எடுத்த படம் கேளுங்கள். நிறம், பளபளப்பு, கண் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மிதப்பதா மூழ்குவதா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சிப்பிப் பாறையும் வேரும் உள்ள இடத்தில், ரீலைச் சுற்றுவதை நிறுத்தியதும் மேலே எழும்பும் லூர்தான் பிழைக்கும். மிதக்கும் என்று எனக்கு விற்ற பாப்பர் மூழ்கியது, உடலின் ஒட்டு வழியே தண்ணீர் இறங்கியிருந்தது.

மட்டமான லூர் வாங்கி முள்ளை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்று சிலர் சொல்கிறார்கள். உள்ளே கம்பி இல்லாத லூருக்கு அது போதாது. நல்ல லூருக்கே தடித்த முள் மாட்டினால் எடை கூடி மிதப்பு கெடும், மாற்றியதும் வாளித் தண்ணீரில் விட்டுப் பார்த்துவிட வேண்டும்.

பணம் அனுப்பிய யுபிஐ ரசீது, பேசிய செய்திகள், பிரிக்கும்போது எடுத்த வீடியோ மூன்றையும் அழிக்காதீர்கள். இதே மாதிரி ஸ்டிக்கர் இல்லாத செட் ஏற்கெனவே கையில் இருப்பவர்கள், மீன் இருக்கும் இடத்தில் வீசுமுன் ஒவ்வொரு வளையத்தையும் காதையும் இடுக்கியால் பிடித்து நன்றாக இழுத்துப் பாருங்கள். விரிந்தாலோ ஆடினாலோ அதைப் படமெடுத்து 1915-இல் பதியுங்கள், லூரைத் தண்ணீரில் போடாதீர்கள்.