தங்க ரேக்கு படத்த ஸ்கேன் பண்ணி பிரிண்ட் போடுற சர்வீஸ்: ஃபைல் சூப்பர், பிரிண்ட் சுமார்

தங்க ரேக்கு (மெல்லிசான தங்கத் தகடு), ஜிகினா, குட்டிக் கண்ணாடி எல்லாம் ஒட்டின படத்த டிஜிட்டலாக்கி பிரிண்ட் போட்டுத் தர்ற ஒரு சர்வீஸ்ல குடுத்துப் பாத்தேன். முதல்ல சாதா ஃபிளாட்பெட் ஸ்கேனர்ல வெச்சாங்க, ரேக்கு மொத்தமும் சேறு மாதிரி கலர்ல வந்துச்சு, ஏன்னா அதுல லைட் சாய்வா அடிக்கும், பளபளப்பு சென்சாருக்கு வராம வேற பக்கம் போயிரும். சொன்னதும் முகம் சுளிக்காம கேமராவுக்கு மாத்துனாங்க, அது பிடிச்சுது. லைட்லயும் லென்ஸ்லயும் போலரைசர் (பளபளப்ப வடிகட்டுற ஃபில்டர்) போட்டு ஒரு ஷாட், பெயிண்ட் கலர் அப்டியே வந்துச்சு ஆனா ரேக்கு கருத்துப்போச்சு, அப்புறம் போலரைசர கழட்டிட்டு பெரிய வெள்ளை போர்டு ஒண்ணு ரேக்குல பிரதிபலிக்கிற மாதிரி வெச்சு இன்னொரு ஷாட், ரெண்டுலயும் நல்லா வந்த எடத்த மட்டும் ஃபோட்டோஷாப்ல மாஸ்க் பண்ணி ஒண்ணா சேத்தாங்க. ஸ்கிரீன்ல ரேக்கோட சுருக்கம்கூட தெரியுது! கண்ணாடிதான் சொதப்பல், ஒண்ணுல கேமரா லென்ஸே தெரியுது, ரீடச் பண்ணவே இல்ல.

பிரிண்ட்? சாதா இங்க்ல தங்கம்னா வெறும் மஞ்சளும் பழுப்பும்தான், எப்டி சாச்சுப் பாத்தாலும் மின்னாது. நெசமா மின்னணும்னா ஃபாயில் (பளபளக்குற மெல்லிசான உலோகத் தாள்) மாதிரி ஏதாவது தனியா போடணும், அத முதல்லயே சொல்லிருக்கலாம்ல. ஃபைல் மட்டும் போதும்னா தாராளமா குடுங்க, சுவத்துல மாட்டணும்னா ஃபாயில் உண்டானு கேட்டுட்டு குடுங்க.