பூச்சு போட்ட ஈயக் குண்டு: பெட்டியில் இருக்கும் அளவை நம்பித் தோட்டா ஏற்றாதீர்கள்

உரிமம் வைத்துக்கொண்டு சொந்தமாகத் தோட்டா ஏற்றிச் (அதாவது கேஸ் எனும் பித்தளைக் கூட்டில் மருந்தும் குண்டும் வைத்துத் தாங்களே தோட்டா செய்து) சுடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். முக்கியமாக, 9 மி.மீ. கைத்துப்பாக்கிக்குப் பூச்சு போட்ட வார்ப்பு ஈயக் குண்டுகளை ஆன்லைனில் வாங்குகிறவர்கள் படித்துவிடுங்கள். எனக்கு விற்றவர் பெயரை இங்கே போடவில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

500 குண்டுகள் வாங்கினேன். பெட்டியின் மேல் 0.356 அங்குலம் என்று அச்சிட்டிருந்தது. செம்பு உறை போட்ட குண்டு 0.355 இருக்கும், வார்ப்புக் குண்டை அதைவிட அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூடுதலாக எடுப்பதுதான் வழக்கம், அதனால் சந்தேகப்பட ஒன்றுமில்லை. பச்சைப் பூச்சு, தட்டை மூக்கு, பார்க்க அழகாகவே இருந்தன. இதே எடையில் வேறொருவரிடம் வாங்கிய குண்டுகளை இரண்டு வருடமாகச் சுட்டு வருகிறேன், அதனால் டையில் (குண்டைக் கேஸுக்குள் இறக்கும் அச்சு) எதையும் மாற்றாமல் அதே மொத்த நீளத்துக்கு 60 தோட்டா ஏற்றிவிட்டேன். கேஸ் கேஜில் (தோட்டாவின் அளவைச் சரிபார்க்கும் துளைக் கருவி) போட்டுப் பார்த்தபோது எல்லாமே உள்ளே போயின, ஒன்றிரண்டை மட்டும் விரலால் லேசாக அழுத்த வேண்டியிருந்தது. அந்த இடத்தில் நிறுத்தியிருக்க வேண்டும், நிறுத்தவில்லை.

சுடும் தளத்தில் முதல் இரண்டும் ஒழுங்காகப் போயின. மூன்றாவதில் ஸ்லைடு (துப்பாக்கியின் மேலே முன்னும் பின்னும் நகரும் பாகம்) முழுதாக மூடாமல் சுமார் 3 மி.மீ. பின்னால் நின்றுவிட்டது. உள்ளங்கையால் பின்னாலிருந்து ஒரு தட்டு தட்டினால் மூடிவிடும் என்று கை தானாக எழுந்தது. பக்கத்தில் நின்ற தள அதிகாரி, "சார், தட்டாதீங்க, முதல்ல மேகசினை எடுங்க" என்று சத்தம் போட்டார். அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். குழலைத் தடுப்பு மணல் மேட்டை நோக்கியே வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் பலம் கொடுத்து இழுத்த பிறகுதான் ஸ்லைடு பின்னால் வந்தது. வெளியே விழுந்த தோட்டாவின் மூக்கில், பச்சைப் பூச்சு சீவப்பட்டு, வரிசையாகச் சின்னச் சின்ன ஈயக் கோடுகள் தெரிந்தன. ரைஃப்ளிங் (குழலின் உட்சுவரில் இருக்கும் சுழல் வரிகள்) பதிந்த தடம் அது.

தட்டி மூடியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? குண்டு கேஸுக்குள் பின்னால் தள்ளப்பட்டிருக்கலாம். 9 மி.மீ. கேஸில் இருக்கும் இடமே கொஞ்சம், குண்டு கொஞ்சம் உள்ளே இறங்கினாலும் அழுத்தம் கிடுகிடுவென ஏறும். குண்டு பின்னால் போகாமல் ரைஃப்ளிங்கில் இறுகி நின்றாலும் அழுத்தம் கூடத்தான் செய்யும். இழுக்கும்போது குண்டு மட்டும் குழலிலேயே சிக்கிக்கொண்டு, கேஸ் தனியாகக் கழன்று, வெடிமருந்து துப்பாக்கிக்குள் கொட்டுவதும் உண்டு. மிச்சம் இருந்த 57-ல் ஒன்றைக்கூடச் சுடவில்லை.

வீட்டுக்கு வந்து மைக்ரோமீட்டரை எடுத்தேன். பெட்டியின் மேலிருந்து, நடுவிலிருந்து, அடியிலிருந்து என்று 30 குண்டுகளை அளந்தேன். 0.356 இருந்தவை ஆறு. மற்றவை 0.357-க்கும் 0.358-க்கும் இடையில் சிதறிக் கிடந்தன. 0.358 என்பது .38 ஸ்பெஷல் ரிவால்வருக்குப் போடும் அளவு! அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்கு என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம், ஒரு தாளின் தடிமனில் பாதிதான் வரும். ஆனால் கேஸ் சுவர் ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 0.011 அங்குலம் இருக்கும், இரண்டு பக்கத்தையும் 0.358-உடன் கூட்டிப் பாருங்கள், 0.380 வந்துவிடும். 9 மி.மீ. தோட்டாவின் வாய்க்கு விதித்திருக்கும் உச்ச அளவே அதுதான். சுவர் கொஞ்சம் தடித்த கேஸ் வந்தால் அதையும் தாண்டிவிடும்.

அடுத்ததைத்தான் நான் முதலிலேயே செய்திருக்க வேண்டும். பிரைமரும் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) மருந்தும் இல்லாத ஒரு டம்மி தோட்டாவைச் செய்தேன். துப்பாக்கி காலி என்று இரண்டு முறை பார்த்துவிட்டுப் பேரலை, அதாவது குழலைத் தனியாகக் கழற்றி, சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) மேலே இருக்கும்படி பிடித்து டம்மியை உள்ளே விட்டேன். சரியான தோட்டா 'டங்' என்று தன் எடையிலேயே விழும், அடிப்பாகம் பேரலின் பின் விளிம்போடு சமமாக நிற்கும், விரலால் சுற்றினால் தடையில்லாமல் சுற்றும், பேரலைக் கவிழ்த்தால் தானாகக் கீழே விழும். இந்த நான்கும் நடக்க வேண்டும், மூன்று போதாது. என் டம்மி சத்தமே இல்லாமல் போய், விளிம்புக்கு மேலே துருத்திக்கொண்டு நின்றது. கவிழ்த்தேன், விழவில்லை.

எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு கறுப்பு மார்க்கர் போதும். குண்டின் மூக்கிலிருந்து கேஸ் அடி வரை முழுக்கக் கறுப்பாக்கிவிட்டு, உள்ளே விட்டு லேசாகத் திருப்பி எடுங்கள். மூக்கில் மை அழிந்திருந்தால் குண்டு ரைஃப்ளிங்கைத் தொடுகிறது, இன்னும் உள்ளே இறக்க வேண்டும். கேஸ் வாயில் அழிந்திருந்தால் குண்டை இறக்குவதற்காக விரித்த வாய் முழுதாக நேராகவில்லை, டேப்பர் கிரிம்ப் (வாயை உள்நோக்கி இறுக்குவது) இன்னும் கொஞ்சம் வேண்டும். கேஸின் நடு உடம்பில், குண்டின் அடிப்பாகம் உட்காரும் இடத்தில் அழிந்திருந்தால் குண்டு பருமன் அல்லது கோணலாக இறங்கியிருக்கிறது. வாய் ஓரத்தில் மெல்லிய பச்சை வளையம் ஒட்டியிருந்தால் இறக்கும்போது பூச்சு சீவப்பட்டிருக்கிறது, வாயை இன்னும் கொஞ்சம் விரிக்க வேண்டும். 9 மி.மீ. தோட்டா சேம்பரில் உட்காருவதே கேஸ் வாயை வைத்துத்தான், அந்த வளையம் ஒன்றே போதும் தோட்டாவை உட்கார விடாமல் செய்ய.

என்னுடையதில் மூக்கிலும் அழிந்திருந்தது, உடம்பிலும் அழிந்திருந்தது. பழைய குண்டைவிட இதன் தோள் முன்னால் தடித்திருக்கிறது, அதனால் பழைய நீளம் இதற்குச் சரிப்படாது. மூக்கு இடிப்பதைக் கேஸ் கேஜ் காட்டாது, ஏனென்றால் அதற்குள் ரைஃப்ளிங் கிடையாது. உங்கள் தோட்டா போகப்போவது உங்கள் பேரலுக்குள், அதில்தான் பார்க்க வேண்டும். சில துப்பாக்கிகளில், குறிப்பாக சி.இசட். 75 வகைகளில், ரைஃப்ளிங் சீக்கிரமே தொடங்கிவிடும், வேறொருவரின் நீளத்தை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. இன்னொன்று, குண்டை உள்ளே இறக்கினால் மருந்தளவைப் பழையபடி வைக்கவே கூடாது, கையேட்டில் கொடுத்திருக்கும் தொடக்க அளவிலிருந்து மறுபடி ஏற வேண்டும்.

அப்புறம் பூச்சைச் சோதித்தேன். வெள்ளைத் துணியை அசிட்டோனில் நனைத்து ஒரு குண்டைத் தேய்த்தால், ஒழுங்காகச் சூட்டில் வெந்த பூச்சு நிறம் விடாது. என் துணி இலைச்சாறு பட்டதுபோல் பச்சையானது. சுத்தியலால் ஒன்றைத் தட்டையாக்கினேன். நல்ல பூச்சு ஈயத்தோடு சேர்ந்து நசுங்கும், இது செதில் செதிலாக உதிர்ந்தது. அதாவது அளவும் பொய், வேக்காடும் போதாது. இப்படிப்பட்டதைச் சுட்டால் பேரலில் ஈயம் படியும்.

விற்றவருக்கு எல்லாப் படங்களையும் அனுப்பினேன். முதல் பதில், "உங்க பேரல்லதான் கோளாறு, வேற யாரும் குறை சொல்லலை." மைக்ரோமீட்டர் படத்தை அனுப்பினேன். "உங்க கருவியைச் சரிபாருங்க" என்றார். செம்பு உறைக் குண்டை அளந்து 0.355 காட்டுவதையும் படம் எடுத்து அனுப்பினேன். மூன்று நாள் கழித்து, "திறந்த பெட்டியைத் திரும்ப எடுக்க மாட்டோம்" என்று ஒரு வரி வந்தது. திறக்காமல் எப்படி அளப்பது என்று கேட்டேன், இன்றுவரை பதில் இல்லை. குழலுக்குள் வெடிக்கும் பொருளுக்கான குண்டை விற்கிறவர் இப்படிப் பேசுவதை என்னால் ஏற்கவே முடியவில்லை. பணம் போனதைவிட இதுதான் ஆத்திரமாக இருக்கிறது.

அந்த 57 தோட்டாக்களையும் இனர்ஷியா புல்லரில் (சுத்தியல்போல் அடித்துக் குண்டைக் கழற்றும் கருவி) ஒவ்வொன்றாகக் கழற்ற இரண்டு மாலைகள் ஆயின. கழற்றிய குண்டுகளையும் மிச்சத்தையும் தனி டப்பாவில் போட்டு, "ஏற்றக் கூடாது" என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். 0.356 சைசிங் டையில் விட்டு இறுக்கலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். வெந்த பூச்சாக இருந்தால் செய்திருப்பேன், இதை விட்டுப் பார்த்தபோது பூச்சு உரிந்துவிட்டது.

ஏற்கெனவே இப்படி ஒரு பெட்டி வாங்கி வைத்திருக்கிறீர்கள் என்றால், இன்றைக்கே பல இடங்களிலிருந்து இருபது குண்டுகளை எடுத்து அளந்துவிடுங்கள். காலிப்பரில் வேண்டாம், மைக்ரோமீட்டரில். டம்மியைப் பேரலில் விட்டுப் பாருங்கள். விற்றவரிடம் புகார் சொல்லும் முன் எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள், பெட்டியில் அச்சிட்டிருக்கும் அளவும் அதே படத்தில் விழ வேண்டும். நான் அதை மட்டும் தனியாக எடுத்ததால், "இது எங்க பெட்டிதான்னு என்ன நிச்சயம்" என்றும் ஒருமுறை கேட்டுவிட்டார்.