இலவச விசாவுக்கு 89 டாலர்: ஏஐ பதிலுக்குக் கீழே வரும் இணைப்பை நம்பாதீர்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கமிருந்து இந்தியாவுக்குப் புறப்படும் குடும்பங்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள். தென்னாப்பிரிக்கக் கடவுச்சீட்டுக்குக் கட்டணமே இல்லாத இந்தியச் சுற்றுலா இ-விசாவுக்கு நான் 89 டாலர் கட்டினேன். ஏறக்குறைய 1,600 ராண்ட். அது என் பணம் இல்லை என்பதுதான் என்னை இன்னும் தூங்கவிடவில்லை.

என் கணவரின் பெரியம்மாவின் பணம் அது. அவருக்கு வயது எழுபத்தாறு. 2025-இல் மாதம் 2,300 ராண்டை ஒட்டி இருந்த முதியோர் உதவித்தொகையில் மிச்சம் பிடித்துச் சேர்த்தது. அவருடைய தாத்தா சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி நேட்டால் கரும்புத் தோட்டத்துக்கு வந்த ஒப்பந்தக் கூலி. அப்படிக் கூலிகளை ஏற்றி வந்த முதல் கப்பலான ட்ரூரோ டர்பனைத் தொட்டது 1860 நவம்பர் 16 அன்று. தாத்தா வந்தது அதற்குப் பல ஆண்டுகள் கழித்து. அந்தக் கப்பல் பதிவேட்டின் நகலைப் பெரியம்மா பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறார். கூலி எண், தகப்பன் பெயர், ஜில்லா வட ஆற்காடு, தாலுகா, ஊர், எல்லாம் ஒரே வரியில். எழுத்தர் தன் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதிய ஊர்ப் பெயர் பாதிதான் விளங்குகிறது. சாவதற்கு முன் அந்த ஊர் மண்ணை மிதித்துவிட வேண்டும் என்று பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் விமான டிக்கெட் எடுத்துக் கொடுத்தார்கள். விசா வேலை என்னிடம் வந்தது.

ஒரு இரவு அவர் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து, தேடுபொறியோடு சேர்ந்து வரும் ஏஐ அரட்டையில் தமிழிலேயே கேட்டேன்: தென்னாப்பிரிக்கர் இந்தியாவுக்குச் சுற்றுலா விசா எடுப்பது எப்படி? நல்ல தமிழில் பதில் வந்தது. கடவுச்சீட்டு எத்தனை மாதம் செல்ல வேண்டும், புகைப்படம் எப்படி இருக்க வேண்டும் என்றெல்லாம் பொறுமையாகச் சொன்னது. நான் உரக்கப் படிக்கப் படிக்க, "யார் கண்ணு இவ்வளவு நன்றாகத் தமிழ் பேசுவது?" என்று பெரியம்மா கேட்டார். இந்த நாட்டில் தமிழில் கேட்ட கேள்விக்குத் தமிழில் பதில் வருவது எவ்வளவு அரிது என்று இங்கே வாழ்கிறவர்களுக்குத் தெரியும். அந்தச் சந்தோஷத்திலேயே என் எச்சரிக்கை பாதி போய்விட்டது.

கட்டணத்தைப் பற்றி "நாட்டைப் பொறுத்து மாறுபடும்" என்று மட்டும் இருந்தது. அதன் கீழேயே, அதே எழுத்தில், அதே வெள்ளைப் பெட்டிக்குள், விண்ணப்பிக்க ஓர் இணைப்பு. இந்தியா என்ற சொல்லும் விசா என்ற சொல்லும் சேர்ந்த முகவரி. உள்ளே போனால் அசோகச் சக்கரத்தைப் போன்ற ஒரு நீல வட்டம். இணைப்பின் மேல் ஓரத்தில் 'ஸ்பான்சர்ட்' என்று வெளிறிய சாம்பல் நிறத்தில் எழுதியிருந்ததை எல்லாம் முடிந்த பிறகு ஸ்கிரீன்ஷாட்டைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் கண்டேன். பதில் முழுவதும் தமிழில் வந்தது. அது விளம்பரம் என்று சொல்லும் அந்த ஒரே சொல் மட்டும் ஆங்கிலத்தில் இருந்தது.

கடவுச்சீட்டின் படம், வீட்டு முகவரி, தாய் தந்தை பெயர், வங்கி அட்டை எண், எல்லாவற்றையும் என் கையாலேயே கொடுத்தேன். நான்கு நாளில் அனுமதித் தாள் மின்னஞ்சலில் வந்தது. அச்செடுத்துப் பெரியம்மாவிடம் கொடுத்தேன். அதைக் கப்பல் பதிவேட்டு நகலோடு அதே உறைக்குள் வைத்துக்கொண்டார்.

புறப்பட எட்டு நாள் இருக்கும்போது என் மருமகன் அதை வாங்கிப் பார்த்து, "அத்தை, பிறந்த தேதி தப்பாக இருக்கிறதே" என்றான். நவம்பர் 4 என்று இருக்க வேண்டிய இடத்தில் ஏப்ரல் 11. நாளையும் மாதத்தையும் அங்கே எவரோ மாற்றிப் போட்டிருக்கிறார்கள். அந்தத் தாளோடு சென்னையில் இறங்கியிருந்தால் எழுபத்தாறு வயதுப் பெண்மணி குடியேற்ற அதிகாரி முன்னால் தனியாக நின்றிருப்பார். அந்தத் தளத்துக்கு மூன்று முறை எழுதினேன், பதில் இல்லை. பிறகு மருமகன் இந்திய அரசின் உண்மையான தளத்தைத் திறந்து முதலிலிருந்து நிரப்பினான். கட்டணப் பக்கம் வந்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். கட்டணம் சுழியம்.

போலித் தளத்தின் அடியில், எறும்பு எழுத்தில், "நாங்கள் தனியார் சேவை, அரசோடு தொடர்பில்லை" என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரியைக் காட்டித்தான் வங்கியும் தயங்குகிறது. நீங்களே அனுமதித்த பரிவர்த்தனை என்கிறார்கள். பணத்தைத் திரும்பக் கேட்கும் தகராறுப் படிவம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறேன்.

இடைத்தரகர் தளங்கள் இன்று முளைத்தவை அல்ல. முன்பு தேடினால் பத்து இணைப்புகள் வரும். ஒன்று இல்லாவிட்டால் இன்னொன்றை ஒப்பிட்டுப் பார்ப்போம். அரட்டையில் ஒரே குரல்தான் பேசுகிறது. அது சரியாகச் சொன்ன நான்கு செய்திகளின் நம்பிக்கை, ஐந்தாவதாக ஒட்டியிருக்கும் விளம்பரத்துக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. சந்தேகம் வந்து, "இந்த இணைப்பில் விண்ணப்பிக்கலாமா?" என்று அதனிடமே கேட்டேன். "ஆம், விண்ணப்பிக்கலாம்" என்றது. விசாவைப் பற்றி இணையத்தில் பக்கம் பக்கமாக எழுதிக் குவித்திருப்பவர்களே இந்தத் தரகர்கள்தாம். ஏஐ பதில் திரட்டுவதும் அப்படிப்பட்ட பக்கங்களிலிருந்துதான். விளம்பரம் பதிலை மாற்றாது என்று நிறுவனங்கள் சொல்கின்றன. என் விஷயத்தில் மாற்ற வேண்டிய தேவையே இருக்கவில்லை.

விளம்பரப் பணத்தில் ஓடும் தேடுபொறி விளம்பரதாரர் பக்கமே சாயும் என்று 1998-இல் எழுதியவர்கள் லாரி பேஜும் செர்கே பிரின்னும். கூகுளைத் தொடங்கிய அதே இருவர். 2024-இல் அதன் தாய் நிறுவனத்துக்கு வந்த சுமார் 350 பில்லியன் டாலரில் 264 பில்லியன் விளம்பர வருமானம். மைக்ரோசாஃப்ட் தன் பிங் அரட்டையில் விளம்பரம் வைத்துப் பார்க்கத் தொடங்கியது 2023-இல். கூகுள் தன் ஏஐ சுருக்கங்களுக்குள் விளம்பரத்தைக் கொண்டுவந்ததும், பெர்ப்ளெக்சிட்டி என்ற ஏஐ தேடல் நிறுவனம் விளம்பரம் வைத்துப் பார்க்கத் தொடங்கியதும் 2024-இல். இனி இது கூடுமே தவிரக் குறையாது.

விசா, கடவுச்சீட்டு, பிறப்புச் சான்று போன்ற அரசுக் காரியம் எதற்கும் அரட்டை காட்டும் இணைப்பைத் தொடாதீர்கள். முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். இந்திய அரசின் விசா தளத்தின் முகவரி 'கவ் டாட் இன்' (gov.in) என்று முடியும். அதற்குப் பின்னால் சாய்கோடு வரலாம், வேறு பெயர் வரக்கூடாது. தென்னாப்பிரிக்கக் கடவுச்சீட்டுக்குச் சுற்றுலா இ-விசா எடுக்கும்போது பணம் கேட்டால் நின்றுவிடுங்கள். ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள் என்றால் இன்றைக்கே அட்டையை முடக்கி வங்கியில் தகராறு பதியுங்கள். அனுமதித் தாளில் பெயர், கடவுச்சீட்டு எண், பிறந்த தேதி மூன்றையும் எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். வீட்டுப் பெரியவர்கள் தாங்களாகக் கைப்பேசியில் தமிழில் கேட்கத் தொடங்கியிருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து 'ஸ்பான்சர்ட்' என்ற சொல் எங்கே இருக்கும் என்று காட்டிக் கொடுங்கள்.

புது அனுமதி மூன்றாம் நாள் வந்தது. பெரியம்மா வியாழக்கிழமை கிளம்புகிறார். "பணம் போனால் போகட்டும், விடு கண்ணு" என்கிறார். என்னால் விட முடியவில்லை. அவருடைய கடவுச்சீட்டின் படம் இப்போது எவரிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. தென்னாப்பிரிக்காவின் தேசிய நுகர்வோர் ஆணையத்துக்குப் புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன். இதே போல் ஏஐ பதிலின் கீழே வந்த இணைப்பில் விசாவுக்குப் பணம் கட்டியவர்கள் இருந்தால் ஸ்கிரீன்ஷாட்டோடு எனக்கு எழுதுங்கள், சேர்த்தே அனுப்புகிறேன்.