டிராப் ஆர்மைக் கழற்ற கேஸ் டார்ச்சைப் பற்றவைக்கிறார்களா? அங்கேயே தடுத்துவிடுங்கள்

பழைய கனரக லாரி வைத்திருப்பவர்கள் ஸ்டீயரிங் வேலைக்கு வண்டியை விடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

என் வண்டியில் ஸ்டீயரிங் பாக்ஸின் அடியில் ஆயில் கசிந்தது. சீல் மாற்றினால் போதும், ஆனால் அதற்கு டிராப் ஆர்மைக் கழற்ற வேண்டும். ஸ்டீயரிங் பாக்ஸின் திருப்பத்தை முன்சக்கரங்களின் பக்கம் கொண்டுபோகும் இரும்புக் கை அது, பிட்மேன் ஆர்ம் என்றும் சொல்வார்கள். பாக்ஸிலிருந்து வெளியே வரும் ஷாஃப்டின் பல்வரிசை கூம்பாக இருக்கும். நட்டை இறுக்க இறுக்க ஆர்ம் அதில் ஏறிக் கவ்விக்கொள்ளும். வருடக்கணக்கில் துருவும் சேர்ந்துவிட்டால் நட்டைக் கழற்றிய பிறகும் அசையாது. இதெல்லாம் லாரி மெக்கானிக்குக்குத் தெரியாதா என்று சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். கூடவே நின்றிருக்க வேண்டும்.

திரும்பிப் போனபோது வேலை முடிந்திருந்தது. ஆர்மின் கண் பகுதியை, அதாவது ஷாஃப்ட் நுழையும் துளையைச் சுற்றி பெயின்ட் எரிந்து, இரும்பு நீலம் பாரித்திருந்தது. “வரவே மாட்டேன்னுச்சுண்ணே, நல்லா காய்ச்சி அடிச்சுத்தான் எடுத்தோம்” என்றார் பட்டறைக்காரர், பெருமையாக வேறு. சிவக்கக் காய்ச்சி, ஷாஃப்ட் முனையில் சம்மட்டியால் அடித்து, கடைசியில் தண்ணீரையும் ஊற்றியிருக்கிறார்கள்.

இதில் என்ன கெட்டுப்போகிறது என்று அன்றைக்கு எனக்கு முழுதாகத் தெரியாது. ஆர்ம் என்பது அடித்து உருவாக்கி, சூட்டுப்பதம் ஏற்றிய எஃகு. அதைச் சிவக்கக் காய்ச்சினால் அந்தப் பதம் போய்விடும். தண்ணீர் ஊற்றித் திடீரென்று குளிரவைத்தால் அந்த இடம் நொறுங்கும் தன்மைக்குப் போகலாம், கண்ணுக்குத் தெரியாத விரிசலும் விழலாம். முன்சக்கரங்களைத் திருப்புகிற மொத்த விசையும் அந்த ஒரு துண்டு வழியாகத்தான் போகிறது. ஷாஃப்ட் முனையில் விழுந்த அடி பாக்ஸுக்குள் நேராகப் போய், அட்ஜஸ்டிங் ஸ்க்ரூவையும் பக்கவாட்டு மூடியையும் இடித்திருக்கிறது. முனையில் மரையும் நசுங்கியிருந்தது. புதிய சீல்? ஆறுவதற்கு முன்பே மாட்டினார்களோ என்னவோ, இரண்டாம் நாளே மறுபடி கசிவு.

இதையெல்லாம்விட என்னைப் பயமுறுத்தியது வேறு. நேர் ரோட்டில் போகும்போது ஸ்டீயரிங் வீல் அரைச் சுற்றுக்கு மேல் திரும்பி நின்றது. இடப்பக்கம் முழுதாக ஒடிகிறது, வலப்பக்கம் பாதியிலேயே முட்டுகிறது. கழற்றும் முன் ஷாஃப்டிலும் ஆர்மிலும் குறி போடாமல், ஒரு பல் தள்ளி மாட்டியிருக்கிறார்கள். ஒரு பல்தானே என்று தோன்றும். 36 பல் இருந்தால் ஒரு பல்லுக்கு 10 டிகிரி. பாக்ஸ் விகிதம் 20க்கு 1, அதாவது ஆர்ம் 1 டிகிரி திரும்ப ஸ்டீயரிங் வீல் 20 டிகிரி திரும்ப வேண்டும் என்றால் வீலில் அது 200 டிகிரி. கேட்டதற்கு, “வீலைக் கழற்றி நேராக மாட்டித் தருகிறேன்” என்றார். பார்வைக்கு நேராகிவிடும், முட்டுவது அப்படியேதான் இருக்கும். அதற்குமேல் அங்கே பேசிப் பயனில்லை என்று வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன், ஊர்ந்து ஊர்ந்துதான்.

அடுத்து பார்த்த மெக்கானிக் பாக்ஸை முழுதாகப் பிரித்தார். இந்த முறை நான் பக்கத்திலேயே நின்றேன். புதிய ஆர்ம் வந்ததும், ஆர்மிலிருந்து முன்சக்கரத்தின் பக்கம் போகும் டிராக் லிங்க் என்ற கம்பியையும் கழற்ற வேண்டியிருந்தது. அதுவும் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிட்டார். நட்டை முழுதாகக் கழற்றாமல் சில மரையில் விட்டு வைத்தார், விடுபடும்போது பாகம் தெறித்து முகத்தில் அடிக்காமல் இருக்க. இழுத்துக் கழற்றும் கருவியான புல்லரை மாட்டி இறுக்கிவிட்டு, போல்ட் நுழைந்திருக்கும் கண்ணின் ஒரு பக்கத்தில் கனமான சுத்தியலைத் தாங்குகொடுத்து மறுபக்கம் தட்டினார். போல்ட் முனையைத் தொடவே இல்லை. நாலாவது தட்டில் டப்பென்று விட்டது. முன்சக்கரம் திரும்புவதற்கு அச்சாக இருக்கும் கிங் பின் இறுகியிருந்தாலும், அதை நகராமல் பிடித்திருக்கும் பூட்டுப் பின்னை முதலில் எடுக்காமல் பிரஸ் வைக்க விடாதீர்கள் என்றார். எத்தனை டன் கொடுத்தாலும் வராதாம், ஆக்ஸில் கண்தான் பாழாகுமாம்.

முதல் பட்டறைக்காரர் இன்றுவரை தன் தப்பை ஒத்துக்கொள்ளவில்லை. “பழைய வண்டின்னா அப்படித்தான்” என்கிறார். காய்ச்சிய ஆர்மைத் திருப்பிக் கேட்டார், வேறு வண்டிக்கு ஆகுமாம். கொடுக்கவில்லை. நடுவில் இரண்டாக அறுத்துத்தான் பழைய இரும்புக்குப் போட்டேன்.