அம்மா கேட்ட படம்: அஸ்தம்பட்டி பக்கம் ஒரு போர்ட்ரெய்ட் ஸ்டுடியோ

சேலம் அஸ்தம்பட்டி பக்கம் ஒரு வீட்டு மாடியில இருக்கு இந்த ஸ்டுடியோ, போர்டு கிடையாது, நடத்துறது ஒரு அக்கா. பேர இங்க போட வேண்டாம்னு அவங்களே சொன்னாங்க, வர்றவங்க பாதுகாப்புக்காக. தன்பால் ஈர்ப்பு ஜோடிங்க, திருநங்கைங்க, திருநம்பிங்கன்னு நம்மாளுங்கள போர்ட்ரெய்ட் எடுக்குறாங்க. போன டிசம்பர்ல அஞ்சு பேரா போனோம். நானும் என் துணையும், ஒரு திருநம்பி தம்பி, 58 வயசு அண்ணன் ஒருத்தர், அப்புறம் நாங்கல்லாம் அம்மான்னு கூப்பிடுற திருநங்கை.

அம்மாவ பத்திதான் முதல்ல சொல்லணும். கூவாகம் கூத்தாண்டவர் திருவிழாவுக்கு எத்தனையோ சித்திரை போயிருக்காங்க, தாலி அறுத்து அழறப்ப போட்டோ எடுக்குறவங்க தூரத்துல நின்னு பெரிய லென்ஸ் வச்சு எடுத்துட்டுப் போவாங்களாம், "எத்தனை பேரு எடுத்தாங்க, ஒரு காப்பி என் கையில இல்ல கண்ணு"ன்னாங்க. சேலத்துல இருந்து போன திருநங்கை பிரித்திகா யாஷினி 2017ல எஸ்.ஐ. ஆனப்ப பேப்பர்ல வந்த யூனிஃபார்ம் போட்டோவ கட் பண்ணி பீரோவுல ஒட்டி வச்சிருக்கவங்க அவங்க. ஸ்டுடியோ அக்கா "எப்படி எடுக்கணும்மா"ன்னு கேட்டதும் யோசிக்கவே இல்ல. "நான் போனப்புறம் மாலை போட ஒரு படம் வேணும், அதுல நான் நானா இருக்கணும், இல்லன்னா சொந்தக்காரங்க பழைய ஆம்பள படத்த தேடி மாட்டிருவாங்க." கொஞ்ச நேரம் யாருமே பேசல.

அரக்கு பட்டுச் சேலை, மூக்குக் கண்ணாடி, மடியில மகளிர் குழு கணக்கு நோட்டு, அவங்கதான் பொருளாளர். ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கம், எதிர்ப்பக்கம் வெள்ளை தெர்மாகோல் அட்டை, அவ்ளோதான் செட்டப். முகத்த வெள்ளையாக்கல, சுருக்கத்த அழிக்கல. அம்மா கலரு அம்மா கலராவே இருக்கு, சேலத்துல எந்த ஸ்டுடியோல இத பாத்திருக்கீங்க சொல்லுங்க.

தம்பிக்கு வேற மாதிரி. தாடை நல்லா எடுத்துத் தெரியணும்னான், லைட்ட பக்கவாட்டுல மேல கொண்டு போனாங்க, நெஞ்சு எப்படி தெரியணும்னு அவன்கிட்ட மட்டும் தனியா கேட்டு உடம்ப லேசா திருப்பி நிக்க வச்சாங்க. தொடுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் கேட்டாங்க. திருநர் அடையாள அட்டைக்கு அப்ளை பண்ண பாஸ்போர்ட் சைஸும் அங்கயே எடுத்துக்கிட்டான்.

எங்க கதை சின்னதுதான். 2018 செப்டம்பர் 6, தன்பால் உறவு குத்தமில்லன்னு சுப்ரீம் கோர்ட் 377 தீர்ப்பு வந்த அன்னைக்கு பஸ் ஸ்டாண்டுல எடுத்த ஒரு செல்ஃபி, ரெண்டு பேரும் சேர்ந்திருக்குற நல்ல படம்னா அதான். நடுவுல வேற ஒரு ஸ்டுடியோ போனோம், அக்கா தங்கச்சியான்னு கேட்டு அப்படியே தள்ளித் தள்ளி நிக்க வச்சு எடுத்தாங்க, நாங்களும் வாய மூடிக்கிட்டு வந்துட்டோம். 2023ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்புல தன்பால் கல்யாணத்துக்கு சட்ட அங்கீகாரமும் நமக்கு இல்லன்னு ஆயிருச்சு. அதனால இந்த படம் எங்களுக்கு ரொம்ப பெருசு.

அத எடுத்தது ஏற்காட்டுல. 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி, கூட்டம் இருக்குற பகோடா பாயிண்ட் பக்கமே போகாம, தெரிஞ்சவங்க காப்பித் தோட்டத்துல, மிளகுக் கொடி ஏறுன சில்வர் ஓக் மரத்துக்கு நடுவுல. மதியம் மேல பனிமூட்டம் இறங்குச்சு பாருங்க, நிழலே இல்லாம வெளிச்சம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பரவி, அவ கண்ணு மட்டும் தனியா தெரியுது. நேரா கேமராவ பாக்கச் சொன்னாங்க. தென்னாப்பிரிக்காவுல சனேலே முஹோலி 2006ல இருந்து அவங்க ஊர் நம்மாளுங்கள இப்படி நேருக்கு நேர் பாக்க வச்சு எடுக்குறாங்களாம், அதப் பாத்துத்தான் அக்காவும் ஆரம்பிச்சாங்களாம்.

எடுக்குறதுக்கு முன்னாடி தமிழ்லயே ஒரு ஃபாரம். படத்த வெளிய போடலாமா, ஸ்டுடியோ சுவத்துல மட்டுமா, எங்கயுமே வேண்டாமான்னு டிக் அடிக்கணும். அண்ணன் எங்கயுமே வேண்டாம்னு போட்டாரு, வீட்டுக்குத் தெரியாது. படம் குடுத்ததும் அவர் முன்னாடியே ஃபைல் எல்லாத்தையும் அழிச்சுட்டாங்க. அப்படி அழிச்சா மறுபடி பிரிண்ட் கிடைக்காது, பென் டிரைவ்ல பத்திரமா வச்சுக்குங்க.

குறைன்னா ரெண்டு. வெளி லேப்ல குடுக்காம சொந்த பிரிண்டர்லயே போடுறதால ஏ4க்கு மேல பெருசு கிடைக்காது, அம்மாவுக்கு பெரிய ஃப்ரேம் ஆசை இருந்துச்சு. ரெண்டாவது லேட்டு, ரெண்டு வாரம்னு சொல்லி அஞ்சு வாரம் ஆச்சு, போன் பண்ணாலும் எடுக்கல. ஜோடிக்கு 6,500 ரூபாய், 15 படம். தனி ஆளுக்கு 3,000. அம்மாகிட்ட காசு வாங்கல, ஆனா அம்மா விடல, 500 ரூபா தாம்பூலத்துல வச்சு குடுத்துட்டுத்தான் படிய இறங்குனாங்க.

ஏற்காடு ஷூட் கேக்குறவங்க வார நாள்ல போங்க, மே மாசம் கோடை விழா நேரத்துல வேண்டவே வேண்டாம், எந்தப் பக்கம் திரும்பினாலும் நம்மளயே பாத்துட்டு நிப்பாங்க. நம்பர் வேணும்னா தெரிஞ்ச நம்மாளுங்ககிட்ட கேளுங்க, குடுப்பாங்க.