நிமிடத்துக்கு 1,68,750 சுற்று: கணினி ஃபேன்களோடு என் அனுபவம்

ஒருநாள் காலை என் பழைய கணினி, கேபினெட்டின் பின்பக்க ஃபேன் நிமிடத்துக்கு 1,68,750 சுற்று சுற்றுவதாகச் சொன்னது. 120 மில்லிமீட்டர் ஃபேன். கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த வேகத்தில் சுற்றினால் அதன் இறக்கை நுனி ஒலியைப் போல மூன்று மடங்கு வேகத்தில் போகும். நிஜத்தில் அது பாட்டுக்கு, மின்வெட்டு முடிந்து மெல்லக் கிளம்பும் சீலிங் ஃபேன் மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது.

எனக்குத் தொழில் புத்தக வடிவமைப்பு. வீடு வேலூரில். மே மாதத்தில் எங்கள் ஊர் வெயில் எப்படியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை, அதனால் ஃபேன் மேல் ஒரு கண் எப்போதும் இருக்கும். 2010 முதல் 2018 வரை ஒரு கணினி, அதன் பிறகு இன்று வரை இன்னொன்று. இரண்டுமே சென்னை ரிச்சி தெருவில் உதிரி உதிரியாக வாங்கி நானே பூட்டியவை. இரண்டிலும் ஃபேன் வேகம் தப்பாகக் காட்டிய கதைகள் உண்டு, ஆனால் ஒவ்வொரு முறையும் காரணம் வேறு.

முதலில் அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். இது புரிந்த பிறகுதான் எனக்குப் பாதிக் குழப்பம் தீர்ந்தது. ஃபேனில் மூன்று அல்லது நான்கு ஒயர் இருக்கும். ஒன்று தரை (கிரவுண்ட்), ஒன்று 12 வோல்ட், ஒன்று வேகத்தைத் தெரிவிக்கும் டேக்கோ. நான்காவது இருந்தால் அது வேகத்தைக் கட்டுப்படுத்தும் பிடபிள்யூஎம். டேக்கோ ஒயர் எந்த எண்ணையும் அனுப்புவதில்லை. ஃபேன் ஒரு சுற்று முடிப்பதற்குள் இரண்டு முறை அந்த ஒயரைத் தரையோடு இழுத்து விடுகிறது, அவ்வளவுதான். மதர்போர்டில் இருக்கும் ஒரு சிப் அந்தத் துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரத்தை எண்ணி, வகுத்து, ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு இத்தனை சுற்று என்று திரையில் போடுகிறது. ஃபேன் துடிக்கிறது, சிப் ஊகிக்கிறது.

பழைய கணினியில் லினக்ஸ் போட்டதும் வந்த முதல் சிக்கல் பூஜ்யம். வெப்பநிலையையும் ஃபேன் வேகத்தையும் படித்துக் காட்டும் எல்எம்-சென்சார்ஸ் நிரலை நிறுவி, சிப்பைக் கண்டுபிடிக்கும் சென்சார்ஸ்-டிடெக்ட் ஓட்டி, அது சொன்ன மாட்யூலையும் (டிரைவர்) ஏற்றியாயிற்று. வெப்பநிலை ஒழுங்காக வந்தது. பின்பக்க ஃபேன் மட்டும் 0 ஆர்பிஎம். கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு ரிச்சி தெருவுக்கே போனேன். கடைக்காரர் எஸ்எம்பிஎஸ் என்கிற பவர் சப்ளை ஒன்றில் செருகிச் சுற்ற விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

“சார், ஃபேன் சுத்துதுல்ல? அப்புறம் எதுக்கு நம்பரைப் பாக்குறீங்க?”

“நின்னு போனா தெரியணும்ல, அண்ணா.”

“நின்னா சத்தம் நிக்கும் சார்.”

அவர் சொன்னதில் பாதி உண்மை. மீதியை நானே தேட வேண்டியிருந்தது. அந்தக் காலத்துச் சிப்கள் பலவற்றில் எண்ணும் இடம் எட்டு பிட், அதாவது 255க்கு மேல் எண்ண முடியாது. சிப்பின் கடிகாரம் நொடிக்கு 22,500 முறை தட்டும். ஒரு சுற்று முடிவதற்குள் எத்தனை தட்டு என்று எண்ணுவார்கள். கணக்கு இதுதான்: 13,50,000ஐ (22,500 × 60), எண்ணிக்கையையும், தட்டுகளைக் குறைக்கும் ‘டிவைசர்’ என்ற வகுஎண்ணையும் பெருக்கி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். அந்த வகுஎண் இயல்பாக 2. அப்படியிருந்தால் 2,647 ஆர்பிஎம்முக்குக் கீழே எந்த ஃபேன் சுற்றினாலும் எண்ணிக்கை 255ஐ முட்டி நின்றுவிடும், சிப்பும் ‘ஃபேன் நின்றுவிட்டது’ என்று முடிவு கட்டிவிடும். என் ஃபேனோ 1,100இல் சுற்றும் சாது. வகுஎண்ணை 4 ஆக்கினாலும் எல்லை 1,323 வரைதான் இறங்கும், அதுவும் போதாது. அமைப்புக் கோப்பில் ‘செட் ஃபேன்1_டிவ் 8’ என்று ஒரு வரி சேர்த்ததும் 1,102 என்று வந்தது. கொஞ்ச நேரத்தில் 1,095. திரும்ப 1,102. இரண்டுக்கும் நடுவில் ஒரு எண்கூட வரவே இல்லை. வராது. எண்ணிக்கை 153 என்றால் 1,102, 154 என்றால் 1,095, நூற்று ஐம்பத்து மூன்றரை என்று ஒன்று கிடையாது. அதைத் தெரிந்துகொள்ளாமல் ‘ஃபேன் ஆடுகிறது, பேரிங் போய்விட்டது’ என்று புது ஃபேன் வாங்கப் போயிருப்பேன்.

இப்போது அந்த 1,68,750. 13,50,000ஐ 8ஆல் வகுத்துப் பாருங்கள், அதேதான் வரும். அதாவது எண்ணிக்கை வெறும் 1. ஒரே தட்டுக்குள் ஒரு சுற்று முடிந்துவிட்டது என்று சிப் நம்பியிருக்கிறது. நிஜத் துடிப்போடு ஏதோ பொய்த் துடிப்பும் ஒட்டிக்கொண்டு வந்தால்தான் இப்படி ஆகும். கனெக்டரைத் தொட்டால் எண் மாறியது. டார்ச் அடித்துப் பார்த்தேன். கனெக்டருக்குள் இருக்க வேண்டிய மூன்று உலோக நாக்குகளில் டேக்கோவான மஞ்சள் ஒயருடையது மட்டும் ஒரு மில்லிமீட்டர் போலப் பின்னால் தள்ளிப்போயிருந்தது. செருகும்போது அது மதர்போர்டின் பின்னைப் பிடிக்காமல் உரசிக்கொண்டு மட்டும் நின்றிருக்கிறது. தையல் ஊசி முனையால் பின்னாலிருந்து மெதுவாகத் தள்ள, ‘டிக்’ என்று உட்கார்ந்தது. அதற்கப்புறம் அந்தக் கணினியை விற்கும் வரை ஒலியை மிஞ்சும் ஃபேன் ஏதும் வரவில்லை.

2018இல் வாங்கிய கணினியில் எண்ணும் இடம் பெரியது, வகுஎண் தொல்லை கிடையாது. ஆனால் மார்கழி வந்தது. காலையில் சுவிட்சைப் போட்டால் ‘சிபியு ஃபேன் எரர், எஃப்1 அழுத்தவும்’. சாயங்காலம் போட்டால் ஒன்றும் வராது. ஒரு வாரம் மண்டை காய்ந்தேன். கடைசியில் பார்த்தால் எதுவுமே தப்பில்லை! விடியற்குளிரில் பிராசஸர் சூடாகவில்லை, ஃபேன் 480இல் மெதுவாகச் சுற்றியது. கணினி கிளம்பும்போது முதலில் ஓடும் பயாஸின் அமைப்பில் சிபியு ஃபேனின் கீழ் எல்லை 600 என்று இருந்தது. எல்லையை 200க்கு இறக்கியதும் எஃப்1 தொல்லை விட்டது. சிலர் அந்த இடத்தில் ‘இக்னோர்’ என்று வைத்துவிடுகிறார்கள். அது எனக்குப் பிடிக்காது. நிஜமாகவே ஃபேன் நின்ற அன்றைக்குச் சொல்ல ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

பெரிய ஆட்டம் ஸ்ப்ளிட்டரால் வந்தது. மேல்பக்கம் இன்னொரு ஃபேன் வைக்க ஆசை. மதர்போர்டில் இடமில்லை. ஒன்றை இரண்டாக்கும் மலிவான ஒயர் வாங்கிப் பின்பக்க ஃபேனோடு இதையும் சேர்த்தேன். அதுவரை 1,180 காட்டிய இடம் 1,190க்கும் 2,370க்கும் நடுவில் ஊஞ்சலாடியது. திடீர் திடீரென்று குதிக்கவில்லை. மெல்ல ஏறி மெல்ல இறங்கியது, மூச்சு விடுவது போல. அந்த மூச்சுதான் துப்பு. இரண்டு ஃபேனின் டேக்கோ ஒயரையும் ஒன்றாக முடிந்து ஒரே பின்னுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். ஒரே மாடல் ஃபேன் என்றாலும் இரண்டும் அச்சு அசலாக ஒரே வேகத்தில் சுற்றாது. துடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழும்போது சிப்புக்கு ஒரு ஃபேன் தெரியும், விலகும்போது இரட்டிப்பாகத் தெரியும். ஒழுங்கான ஸ்ப்ளிட்டர் என்றால் ஒரு பக்கத்துக்கு மட்டும்தான் டேக்கோ ஒயர் போகும், மறுபக்க கனெக்டரில் அந்த இடம் காலியாக இருக்கும். வாங்கும்போது கனெக்டரின் பின்பக்கம் எட்டிப் பார்த்தாலே போதும்.

கத்தரிக்கோலை எடுத்துவிட்டேன். இங்கேதான் ஒரு விபத்து தப்பியது. பழைய மூன்று பின் ஃபேனில் மஞ்சள்தான் டேக்கோ, என் மனதில் அதுவே பதிந்திருந்தது. ஆனால் நான்கு பின் ஃபேனில் வழக்கமான வரிசை கறுப்பு, மஞ்சள், பச்சை, நீலம். அதில் மஞ்சள் 12 வோல்ட், பச்சைதான் டேக்கோ. மஞ்சளை வெட்டியிருந்தால் ஃபேனே நின்றிருக்கும். என் ஸ்ப்ளிட்டரோ முழுக்கக் கறுப்பு. நிறத்தை நம்பாமல் கனெக்டரின் மேடு இருக்கும் பக்கத்தை வைத்து எண்ணி, மூன்றாவது பின்னுக்குப் போன ஒயரை வெட்டினேன். வெட்டிய முனைகளில் டேப் சுற்றினேன். எண் 1,180இல் வந்து உட்கார்ந்தது.

உட்கார்ந்த எண் சரியான எண்தானா என்ற சந்தேகம் அதோடு போகவில்லை. இறக்கை ஒன்றில் ஒயிட்னரால் ஒரு பொட்டு வைத்தேன். போனில் ஸ்லோ மோஷன், நொடிக்கு 240 படம். பிறகு படம் படமாகத் தள்ளி எண்ணினேன். 20 சுற்றுக்கு 243 படம். 240ஐ 20ஆல் பெருக்கி 243ஆல் வகுத்தால் நொடிக்கு 19.75 சுற்று, நிமிடத்துக்கு 1,185. திரையில் 1,180. இதற்குமேல் என்ன வேண்டும்! ஒரு சுற்றை மட்டும் எண்ணாதீர்கள், அதில் ஒரு படம் தப்பினாலே நூறு ஆர்பிஎம் போய்விடும். மல்டிமீட்டரில் ஹெர்ட்ஸ் அளவு இருந்தால் இன்னும் சுலபம். டேக்கோ பின்னில் வரும் எண்ணை 30ஆல் பெருக்கினால் ஆர்பிஎம். எனக்கு 39.5 வந்தது.

ஆயிரத்துச் சொச்சம் கொடுத்து ஒரு லேசர் டேக்கோமீட்டரும் வாங்கினேன். கணினிக்கு அது தேவையில்லை என்பது என் முடிவு. முதல் முறை பிடித்தபோது 8,300 காட்டியது. பயந்துபோய் யோசித்தால், ஏழு இறக்கையும் பளபளப்பு, ஒவ்வொன்றையும் ஒரு சுற்று என்று எண்ணிவிட்டது. நடுவில் இருக்கும் குமிழில் பளபளக்கும் ஒட்டுத்தாளை ஒட்டிப் பிடித்ததும் வழிக்கு வந்தது. இப்போது அது சீலிங் ஃபேனைச் சோதிக்கத்தான் பயன்படுகிறது.

நண்பர்கள் கணினியில் பார்த்த ஒன்றிரண்டையும் சேர்த்துக்கொள்கிறேன். எண் நிஜ வேகத்துக்குச் சரியாகப் பாதி, அல்லது சரியாக இரட்டிப்பு, அதுவும் ஆடாமல் அசையாமல் நின்றால் ஒயரைச் சந்தேகிக்காதீர்கள். சுற்றுக்கு இரண்டு துடிப்பு என்ற பழக்கத்திலிருந்து அந்த ஃபேனோ, நீரால் குளிர்விக்கும் கணினியின் பம்போ விலகியிருக்கும். லினக்ஸில் என்சிடி6775 மாட்யூல் ஓடும் மதர்போர்டு என்றால் ‘ஃபேன்1_பல்சஸ்’ என்ற இடத்தில் சரியான எண்ணிக்கையைக் கொடுத்துவிடலாம். ஃபேன் சுற்றியும் பூஜ்யம் காட்டினால் உள்ளே காந்தத்தை உணரும் ஹால் சென்சாரைத் திட்டாதீர்கள். அது செத்திருந்தால் ஃபேனே சுற்றாது. பெரும்பாலும் ஒயர், பின், ஃபேனின் டேக்கோ வெளியீடு, மதர்போர்டு, அல்லது மேலே சொன்ன வகுஎண் மாதிரி அமைப்பு, இவற்றில் ஒன்றாக இருக்கும். மதர்போர்டில் ஃபேன் செருகும் வேறொரு இடத்தில் (ஹெடர்) மாற்றிச் செருகினால் தப்பு ஃபேன் பக்கமா, மதர்போர்டு பக்கமா என்று ஓரளவு தெரிந்துவிடும். கிராஃபிக்ஸ் கார்டின் ஃபேன் 0 காட்டினால் பல நேரம் அது நிஜமாகவே நின்றுதான் இருக்கும், சூடானால் தானே கிளம்பும்.

விண்டோஸ் பக்கம் எனக்கு நடந்தது வேறு மாதிரி. மதர்போர்டோடு வந்த கண்காணிப்பு நிரல் ஓடிக்கொண்டிருந்தது. அது போதாதென்று இன்னொன்றையும் திறந்துவைத்தேன். அரை மணிக்கு ஒருமுறை எண் எங்கேயோ போய்த் திரும்பியது. இந்தச் சிப்பைப் படிக்கும் முறை ஒரே கணக்கு நோட்டை இரண்டு பேர் பார்ப்பது மாதிரி. முதலில் எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டும், அடுத்து அதைப் படிக்க வேண்டும். நீங்கள் பக்கத்தைத் திருப்பி வைத்து, படிக்கும் முன்பு பக்கத்திலிருப்பவர் வேறு பக்கம் புரட்டிவிட்டால், வெப்பநிலையை ஃபேன் வேகம் என்று படித்துவிட்டு வருவீர்கள். முறைப்படி எழுதிய நிரல்கள் பூட்டு வைத்துக்கொண்டு ஒருவருக்கொருவர் வழிவிடும், எல்லா நிரலும் அப்படி இல்லை. ஒன்றை நிறுத்தினேன், தீர்ந்தது.

இத்தனை வருடத்தில் தப்பான ஃபேன் எண்ணால் என் கணினி ஒருமுறைகூடச் சூடாகி நின்றதில்லை. பெரும்பாலான மதர்போர்டுகள் வெப்பநிலையைப் பார்த்துத்தான் ஃபேனை ஓட்டுகின்றன, இந்த எண்ணைப் பார்த்து அல்ல. குறிப்பிட்ட ஆர்பிஎம்மைப் பிடித்துவைக்கும் முறையைப் பயாஸில் நீங்களாகத் தேர்ந்தெடுத்திருந்தால் மட்டும் விஷயம் வேறு. என் கவலை நின்றுபோன ஃபேனைப் பற்றித்தான். நின்றாலும் திரையில் தெரியாத ஃபேன் இப்போது எனக்கு ஒன்று இருக்கிறது: டேக்கோ ஒயரை வெட்டிய அந்த மேல்பக்க ஃபேன். அதற்கு எண்ணே கிடையாது. ரிச்சி தெரு அண்ணன் சொன்ன மாதிரி சத்தத்தை வைத்துத் தெரிந்துகொள்ளலாம் என்றால், பக்கத்திலேயே இன்னொன்று அதே சத்தத்தோடு ஓடுகிறது.

அதனால் ஆயுத பூஜைக்குத் துடைக்கும்போது இரண்டையும் டார்ச் அடித்துப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. ப்ளோயர் அடிக்கும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்வேன், இல்லையென்றால் கன்னாபின்னாவென்று சுற்றி பேரிங் கெட்டுவிடும். போன வருடம் பார்த்தபோது பின்பக்க ஃபேனில் ஒயிட்னர் பொட்டு பாதி உதிர்ந்திருந்தது. திரும்ப வைத்தேன், அப்படியே மேல்பக்க ஃபேனுக்கும் ஒன்று வைத்தேன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “ஏண்டா, கேபினெட்டுக்கு நான் குங்குமம் வச்சது போதாதா?” என்றார்.