கருங்கடல் ‘உள்தகவல்’ வாங்கி ஏமாந்த கதை: சிறு வியாபாரிகள் கவனத்திற்கு

உக்ரைன் போரைப் பற்றி வெளியே வராத தகவல்களைத் தருவதாகச் சொல்லிச் சந்தா வாங்கும் டெலிகிராம் குழு ஒன்றை நம்பி, 2022 நவம்பரில் சுமார் ஒரு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய் இழந்தேன். விருதுநகர் மாவட்டத்தில் ஒரு சிறு நகரில் மளிகை மொத்தக் கடை நடத்துகிறேன். அந்தக் குழுவின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. சில மாதங்களுக்கு ஒருமுறை அது பெயரை மாற்றிக்கொள்வதால், பெயரைவிட அது வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொள்வதே மற்ற வியாபாரிகளுக்குப் பயன்படும்.

நாம் விற்கும் சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பகுதி இறக்குமதிதான். போருக்கு முன் அதில் பெரும்பங்கு உக்ரைனிலிருந்தும், அதற்கடுத்த பெரிய பங்கு ரஷ்யாவிலிருந்தும் வந்துகொண்டிருந்தது. 2022 பிப்ரவரி 24 அன்று போர் தொடங்கி உக்ரைனின் கருங்கடல் துறைமுகங்கள் மூடப்பட்டதும், ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் உணவு விலைக் குறியீடு மார்ச்சில் அதுவரை இல்லாத உச்சத்தைத் தொட்டது. ஏப்ரல் 28 அன்று இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியையும் நிறுத்தியது. அந்த நாட்களில் இந்தக் குழு இலவசமாக இருந்தது. விலை ஏறும் என்று தினமும் எழுதியது, விலையும் ஏறியது. அடைமழையில் நின்றுகொண்டு மழை வரும் என்று சோதிடம் சொன்னவரை நான் மேதை என்று எண்ணிவிட்டேன். ஆகஸ்டில் ஆண்டுச் சந்தா ஆறாயிரம் ரூபாய் கேட்டபோது தயங்காமல் கட்டினேன்.

அந்த ஆண்டு தீபாவளி அக்டோபர் 24 அன்று வந்தது. பண்டிகை முடிந்து கடையில் இருப்பு குறைந்திருந்த நேரம். ஐயப்பன் சீசனுக்கும் தை முகூர்த்தங்களுக்கும் சரக்கு எடுக்க வேண்டியிருந்தது. அக்டோபர் 29, சனிக்கிழமையன்று, கிரிமியாவின் செவஸ்தபோல் துறைமுகத்தில் தன் கடற்படை தாக்கப்பட்டதைக் காரணம் காட்டி, உக்ரைனின் தானியமும் சூரியகாந்தி எண்ணெயும் கருங்கடல் வழியே பாதுகாப்பாக வெளியேற வழிசெய்த தானிய ஒப்பந்தத்தில் தன் பங்கேற்பை நிறுத்திவைப்பதாக ரஷ்யா அறிவித்தது. அது உண்மைச் செய்தி. குழுவில் மறுநாள் காலை வந்த செய்தியோ, கருங்கடலில் தானியக் கப்பல் ஒன்று தாக்கப்பட்டுத் தீப்பிடித்துவிட்டது, இனி ஒரு கப்பலும் வெளியேறாது, பத்து நாளில் எண்ணெய் டின் விலை இரட்டிப்பாகும் என்றது. கூடவே, கரும்புகை சூழ எரியும் ஒரு கப்பலின் வீடியோவும், பழைய விலைக்கே சரக்கு வைத்திருப்பதாக ஒரு தரகரின் கைப்பேசி எண்ணும் இருந்தன.

அந்த எண்ணைப் பார்த்த இடத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். விலை இரட்டிப்பாகும் என்று உறுதியாகத் தெரிந்தவர் பழைய விலைக்கு ஏன் விற்கிறார் என்ற கேள்வியை, என் கடைக்கு எடுபிடி வேலைக்கு வரும் பையன்கூடக் கேட்டிருப்பான். நான் கேட்கவில்லை. திங்கட்கிழமை மதியம் ஐந்நூறு டின்னுக்கு முழுத் தொகையையும் அனுப்பினேன்.

சரக்கு வந்தது, தரத்தில் குறை சொல்ல முடியாது. இரண்டு நாள் கழித்து, தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்குக் கையாளும் வேலையில் இருக்கும் என் மைத்துனரிடம் அந்த வீடியோவைக் காட்டினேன். அவர் முழுதாகப் பார்க்கக்கூட இல்லை. “அத்தான், தானியக் கப்பல் மேல்தளத்தில் இப்படியா கன்டெய்னர் அடுக்கியிருக்கும்? தானியத்தை அடியறையில் மொத்தமாகக் கொட்டித்தான் கொண்டுபோவார்கள். உங்கள் எண்ணெய் வருவது டேங்கரில். இது கொழும்புக்கு வெளியே எரிந்த கப்பல்” என்றார். அது 2021 மே மாதம் தீப்பிடித்து, ஜூன் தொடக்கத்தில் மூழ்கத் தொடங்கிய எக்ஸ்பிரஸ் பேர்ல் என்ற கன்டெய்னர் கப்பல். அதிலிருந்து சிதறிய பிளாஸ்டிக் மணிகள் இலங்கையின் மேற்குக் கரையெங்கும் ஒதுங்கிய படங்களை நானே பார்த்திருக்கிறேன். நம் பக்கத்துக் கடலில் எரிந்த கப்பலையே கருங்கடல் கப்பல் என்று எனக்கு விற்றிருக்கிறார்கள்.

அதன் பிறகுதான் உண்மையில் என்ன நடந்தது என்று தேடினேன். 2022 ஜூலை 22 அன்று துருக்கியும் ஐ.நா.வும் நடுவில் நின்று செய்த ஒப்பந்தத்தின்படி ஒடெஸா, சோர்னோமோர்ஸ்க், பிவ்தென்னி ஆகிய மூன்று துறைமுகங்களிலிருந்து கப்பல்கள் புறப்பட்டன. எந்தக் கப்பல், எந்தத் துறைமுகம், என்ன சரக்கு, எத்தனை டன், எந்த நாட்டுக்கு என்ற விவரங்களை எல்லாம் இஸ்தான்புல்லில் இருந்த கூட்டு ஒருங்கிணைப்பு மையம் யாரும் பார்க்கும்படி இலவசமாக வெளியிட்டு வந்தது. ரஷ்யா விலகியிருந்த அக்டோபர் 31 அன்றே, உக்ரைன் துறைமுகங்களிலிருந்து 12 கப்பல்கள் 3.5 லட்சம் டன்னுக்கும் அதிகமான வேளாண் சரக்குடன் கிளம்பியிருக்கின்றன. நான் பணம் அனுப்பிய அதே திங்கட்கிழமை! நவம்பர் 2 அன்று ரஷ்யா ஒப்பந்தத்துக்குத் திரும்பியது. 17ஆம் தேதி ஒப்பந்தம் மேலும் 120 நாட்களுக்கு நீட்டிக்கப்பட்டது. விலை இரட்டிப்பாகவில்லை, இறங்கத் தொடங்கியது. டின்னுக்கு முந்நூற்றைம்பது ரூபாய் நட்டத்தில் தள்ளிவிட்டேன்.

குழுவில் கேள்வி கேட்ட அன்றே என்னை நீக்கிவிட்டார்கள். அதற்கு முன்பே அந்த வீடியோவும் விலைக் கணிப்பும் அழிக்கப்பட்டிருந்தன. 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் பதிந்தபோது என் கையில் இருந்தது பணம் அனுப்பிய விவரம் மட்டுமே. சரக்கு ஒழுங்காக வந்து சேர்ந்துவிட்டதால், அந்தப் பணப் பரிமாற்றத்தில் மோசடி என்று காட்ட ஒன்றும் இல்லை. எதைச் சொல்லி விற்றார்களோ அந்தச் செய்தியை நான் படமெடுத்து வைக்கவில்லை. இத்தகைய குழுக்களில் இருப்பவர்கள் வரும் ஒவ்வொரு கணிப்பையும் தேதியோடு படமெடுத்து வையுங்கள். பிறகு பணம் திரும்புகிறதோ இல்லையோ, எத்தனை கணிப்பு பொய்த்தது என்ற கணக்காவது உங்களிடம் இருக்கும்.

நானும் சுத்தமானவன் அல்லன். ஒரே விமானி பல ரஷ்ய விமானங்களை வீழ்த்தினார் என்ற ‘கீவின் ஆவி’ கதையைப் போரின் முதல் வாரத்தில் நாற்பது பேருக்காவது அனுப்பியிருப்பேன். அப்படி ஒருவர் இல்லை, அது மக்கள் படைத்த வீரக்கதை என்று இரண்டு மாதம் கழித்து உக்ரைன் விமானப்படையே தெளிவுபடுத்தியது. அதை நான் ஒருவருக்கும் அனுப்பவில்லை. இப்போது ஒரு தகவலைப் பார்க்கும்போது, அதைத் தருபவர் தன் எல்லையைச் சொல்கிறாரா என்று கவனிக்கிறேன். ஐ.நா. மனித உரிமை அலுவலகம் உக்ரைனில் இறந்த பொதுமக்களின் எண்ணிக்கையை வெளியிடும்போது, இது தாங்கள் சரிபார்த்தது மட்டுமே, உண்மையான எண்ணிக்கை இதைவிட மிக அதிகமாக இருக்கும் என்றும் சேர்த்தே சொல்கிறது. எனக்குச் செய்தி விற்றவர்கள் ஒருநாளும் அப்படி ஒரு வரி எழுதியதில்லை.

2023 ஜூலை 17 அன்று ரஷ்யா அந்த ஒப்பந்தத்திலிருந்து அடியோடு விலகியது. அந்த வாரமே புதிய பெயரில் ஒரு குழுவிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. திறந்து பார்த்தேன். கன்டெய்னர்கள் அடுக்கிய அதே கப்பல், அதே கரும்புகை. கீழே வேறொரு தரகரின் எண் இருந்தது.